விளக்கு எரிகிறதே

“விளக்குதான் எரியுதே, அப்புறம் என்னம்மா?”

இந்த ஒரு கேள்வியைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். எரிவது பெரிய விஷயமா? பற்றி எரிகிற வீடுகூடத் தூரத்திலிருந்து பார்த்தால் வெளிச்சமாகத்தான் தெரியும். ஆனால் எங்கள் அலுவலகத்தில் எல்லாக் கவலைக்கும் அந்த ஒரே பதிலை வைத்திருந்தார்கள். அலுவலகத்தைச் சொல்லி என்ன பயன்? நாங்களும் அதைத்தான் நம்பிக்கொண்டு வாழ்ந்தோம். ராத்திரி விளக்கு எரிந்தால் ஆண்கள் நலம். தலையணையில் தலையைச் சாய்க்கலாம்.

பாறை என்றுதான் அதைச் சொல்வோம். கரையிலிருந்து பார்த்தால் நடுக்கடலில் ஒரு விரல் நிற்பது தெரியும். அந்த விரல்தான் கலங்கரை விளக்கம். அதன் அடியில் இருக்கிற பாறை, அலை கொஞ்சம் எழும்பினால் கண்ணுக்கே தெரியாது. மரம் கிடையாது, ஒரு பிடி மண் கிடையாது. கோபுரம் முழுக்கக் கருங்கல். கட்டி நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லுக்குள் பல் மாதிரி நுழைந்து பிடித்துக்கொண்டிருக்கும். அலை அடிக்க அடிக்க இறுகுமே தவிரத் தளராது என்று என் கணவர் பெருமையாகச் சொல்வார். அவரே கட்டியது போலத்தான் பேச்சு இருக்கும்.

கற்களை வெட்டியது பாறையில் அல்ல, எங்கள் வீடுகள் இருக்கிற மேட்டில். ஒவ்வொரு வரிசையையும் முதலில் இங்கே தரையில் வட்டமாக அடுக்கிப் பொருத்திப் பார்த்து, எண் போட்டு, பிறகு படகில் ஏற்றியிருக்கிறார்கள். அந்த வட்டம் இன்னமும் எங்கள் பின்கட்டில் இருக்கிறது. கொடிகள் கட்டித் துணி உலர்த்துவது அதற்குள்தான். கோபுரத்துக்கு ஆகாது என்று ஒதுக்கிய கற்களில் எங்கள் குடியிருப்பைக் கட்டிவிட்டார்கள். “நல்ல கல்லெல்லாம் உங்களுக்கு, கழிச்சுப் போட்டதெல்லாம் எனக்கா?” என்று கேட்பேன். “கழிச்சுப் போட்ட கல்லுதான் உன் வாயைத் தாங்கும்” என்பார்.

சுற்றுலா வருகிறவர்கள் மேட்டில் நின்று படம் எடுத்துக்கொண்டு எவ்வளவு அழகு என்பார்கள். அழகுதான், உள்ளே இருப்பது அவர்கள் வீட்டு ஆள் இல்லையே.

முன்பெல்லாம் பாறையில் மூன்று பேர் இருந்தார்கள். மூன்றாவது ஆள் எதற்கு என்று அலுவலகம் யோசித்து, இரண்டாக்கியது. அந்த இரண்டு பேரும் எங்கள் வீட்டு ஆண்கள். தலைமை விளக்குக்காரர் என் கணவர். அவருக்குக் கீழே என் கூடப்பிறந்த தம்பி. வேலை இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தவனை நச்சரித்துச் சேர்த்துவிட்டது நான்தான். அவன் மனைவி பக்கத்து வீட்டில் இருந்தாள். கல்யாணம் ஆகி வந்த புதிதில் என்னைக் கண்டால் பேச்சே வராது. பிறகு பழகிவிட்டாள். பழகியது கொஞ்சம் அதிகம் என்று எனக்குப் படும். என் துடைப்பம் அவள் வீட்டில் இருக்கும், அவள் வாளி என் வீட்டில்.

அந்தப் பருவத்தில் வந்த புயலைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. புயல் புயல் மாதிரிதான் இருந்தது. மழையில் பாறையே தெரியவில்லை. அது அடங்கிய அன்று மாலை மேகத்துக்கு நடுவே விளக்குச் சுழல்வது தெரிந்ததும் நாங்கள் இருவரும் வட்டத்துக்குள் நின்று ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். “பாத்தீங்களா அண்ணி, நான் சொன்னேன்ல” என்றாள். அவள் அப்படி எதுவும் சொன்னதே இல்லை, புயல் முழுக்க அழுதுகொண்டுதான் இருந்தாள். போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலையில் நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது கடலில் ஏதோ பளிச்சென்று கண்ணை வெட்டியது. நிமிர்ந்து பார்த்தேன். பாறையின் உச்சியில் வெயில் மின்னியது.

இது என்ன பெரிய விஷயம் என்று வெளியாட்களுக்குத் தோன்றும். எங்களுக்கு அது நடக்கவே கூடாத விஷயம். விளக்கைச் சுற்றி ஆள் உயரத்துக்குக் கண்ணாடி லென்ஸ் இருக்கும். ராத்திரியில் உள்ளே இருக்கிற சின்னச் சுடரை அது கடல் முழுக்க வீசும். பகலில் அதே லென்ஸ் வெயிலை உள்ளே குவிக்கும். குவிந்தால் விளக்கின் பாகங்கள் உருகும், சமயத்தில் தீயே பிடிக்கும். அதனால் விடிந்ததும் விளக்கை அணைத்துவிட்டு, சுற்றிலும் கெட்டித் துணித் திரையை இழுத்து மூடிவிட்டுத்தான் கீழே இறங்குவார்கள். பல் தேய்ப்பது அதற்கப்புறம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பகலில் அந்த உச்சி மின்னி நான் பார்த்ததில்லை.

“தூங்குமூஞ்சி, திரையப் போடாம படுத்துட்டான் போல” என்று என் தம்பியைத் திட்டினேன். வேலியோரம் நின்ற அவள், “எங்க வீட்டுக்காரர் ஒண்ணும் அப்படிப்பட்டவர் இல்ல” என்று முணுமுணுத்தாள். அன்று மாலை விளக்கு எரிந்தது. ராத்திரியெல்லாம் சுழன்றது. அடுத்த நாள் காலை உச்சி மறுபடியும் மின்னியது.

அப்போதுதான் எனக்குக் கணக்குப் புரிந்தது. லென்ஸ் தானாகச் சுழலாது. கோபுரத்தின் நடுவே சங்கிலியில் ஒரு பெரிய எடை தொங்கும். அது மெல்ல மெல்ல இறங்கும்போது சக்கரங்கள் லென்ஸைச் சுழற்றும். கீழே வந்து முட்டுவதற்குள் கையால் சுற்றி மேலே ஏற்ற வேண்டும். ராத்திரி முழுக்க இதே வேலை. ஒருவர் பாதி ராத்திரி, இன்னொருவர் மீதி ராத்திரி. இரண்டு பேர் இருந்தால் காலையில் திரை போட ஒருவருக்காவது தெம்பு இருக்கும். விளக்கு எரிகிறது, திரை மூடவில்லை என்றால், ஒற்றை ஆள் ராவெல்லாம் கண் விழித்துவிட்டு விடிந்ததும் விழுந்த இடத்தில் கிடக்கிறான்.

அப்படியென்றால் இன்னொருவர் எங்கே?

நான் திரும்பினேன். அவள் கையில் ஈரத் துணியோடு உச்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் புரிந்துவிட்டது. துணியை உதறாமலேயே கொடியில் போட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் நேராக அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்த மேலதிகாரிக்கு நாங்கள் வைத்த பெயர் ‘ஆகட்டும்’. எதைக் கேட்டாலும் ஆகட்டும், பார்க்கலாம் என்பார். நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்களால் வருகிற இடைஞ்சலைச் சொல்லவும் முடியாது.

“ரேடியோ பேசுதா சார்?” என்றேன்.

“ஏரியல் காத்துல போயிருக்கும்மா. ஒவ்வொரு புயலுக்கும் போறதுதானே?”

“சைகை காட்டுற கொடிக்கம்பத்தையும் காணோம். டெலஸ்கோப்புல பாத்தேன்.”

“அதுவும் போயிருக்கும்.”

திரையைப் பற்றிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். மேஜையில் இருந்த பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி மாட்டினார். “புயல்ல திரை கிழிஞ்சிருக்கலாம் இல்லையா? விளக்குதான் எரியுதே, அப்புறம் என்னம்மா?”

“ஒரு ஆள்தான் இருக்கான் சார். இன்னொரு ஆளுக்கு என்னமோ ஆயிடுச்சு.”

“ஆகட்டும். மாத்து ஆள் போற படகு அடுத்த வாரம் இருக்கு. அதுக்கு முன்னாடி படகு விடணும்னா காரணம் வேணும். விளக்கு ஒரு ராத்திரி எரியலன்னா சொல்லுங்க, அந்த நிமிஷமே படகு கிளம்பும். அதுதான் விதி.”

வெளியே வந்தால் படகுக்காரர் படியில் உட்கார்ந்து பீடியை இழுத்துக்கொண்டிருந்தார். அலுவலகப் படகை வருஷக்கணக்காக ஓட்டுகிறவர். உள்ளே பேசியது முழுக்க அவர் காதில் விழுந்திருந்தது. “இன்னிக்குக் கடலப் பாருங்க தங்கச்சி, குளம் மாதிரி கிடக்கு. இப்பக் கிளம்பினா மதியத்துக்குள்ள போய்ச் சேர்ந்துடலாம். ஆனா சாவி அவர்கிட்டல்ல இருக்கு” என்றார். கடலைப் பார்த்தேன். உண்மைதான். ஓர் அலை இல்லை. அவ்வளவு அமைதியான கடலைப் பார்த்து நான் பயந்தது அன்றைக்குத்தான்.

மாலையில் வானம் முதல் தடவையாகச் சுத்தமாக இருந்தது. மேட்டு விளிம்பில் அலுவலகம் நிறுத்தி வைத்திருக்கிற தொலைநோக்கியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவளும் வந்து பக்கத்தில் நின்றாள். சூரியன் அப்போதுதான் கடலைத் தொட்டது. தொட்டதுதான் தாமதம், பாறையில் விளக்கு எரிந்தது.

வெளிச்சம் இருக்கும்போதே ஏற்றுவது என் கணவரின் பழக்கம். “இருட்டுறதுக்கு முன்னாடி ஏத்துறதுதான் விளக்கு, இருட்டினப்புறம் ஏத்துறது சமாளிப்பு” என்பார். என் தம்பி அப்படி அல்ல. சூரியன் முழுசாக முங்கி, அக்கரை கறுத்த பிறகு, ஆடி அசைந்து மேலே ஏறுவான். இதை வைத்து இவர்களுக்குள் தினமும் சண்டை நடக்கும். கரையில் இருந்தபடியே இன்றைக்கு ஏற்றியது யார் என்று எங்களால் சொல்லிவிட முடியும்.

என் கணவர் இருக்கிறார். எழுந்து நடமாடுகிறார். படியேறி விளக்கு ஏற்றுகிறார். சந்தோஷத்தில் நான் தொலைநோக்கியையே கட்டிப்பிடித்துக்கொண்டேன். அடுத்த மூச்சு இழுப்பதற்குள் தம்பி ஞாபகம் வந்தது. அவர் இருக்கிறார் என்றால் விழுந்து கிடப்பது அவன். என் அம்மா வேலைக்குப் போனபோது என் இடுப்பிலேயே வளர்ந்தவன். அவனைப் பறிகொடுத்துவிட்டு நான் இங்கே நின்று சந்தோஷப்படுகிறேன்.

“சூரியன் இருக்கும்போதே ஏத்திட்டாங்க, பாத்தீங்களா அண்ணி?” என்றாள்.

“பாத்தேன்.”

“இவரும் சில நாள் சீக்கிரமா ஏத்துவாரு. ஒருநாள் நீங்களே சொன்னீங்க, பரவால்லியே, தம்பிக்குப் புத்தி வந்துடுச்சுன்னு.”

“அது என்னைக்கோ ஒரு நாள்.”

“ஒரு நாள்னாலும் ஏத்தினாருல்ல?”

அந்த ஒரு நாளை அவள் என்னிடம் பிச்சை கேட்கிறாள் என்று தெரிந்தது. ஆமாம் என்று சொல்லியிருக்கலாம், வாய் வரவில்லை. அவளுக்கு அந்த ஒரு நாளைக் கொடுத்தால் என் கணவரைக் கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது.

அதன் பிறகு எங்கள் நடுவே இருந்த வேலி உயர்ந்துவிட்டது. அடுத்த மாலையும் விளக்கு சூரியன் இருக்கும்போதே எரிந்தது. அதற்கடுத்த மாலையும். அவள் தொலைநோக்கி பக்கம் வருவதையே நிறுத்திவிட்டாள். துணி உலர்த்துகிற வட்டத்தில் ஒரு காலையில் நேருக்கு நேர் மாட்டிக்கொண்டோம். உச்சி வழக்கம்போல மின்னிக்கொண்டிருந்தது.

“அவரு பாட்டுக்கு சும்மா இருந்தாரு. நல்ல வேலை, நிரந்தர வேலைன்னு நீங்கதான் கொண்டுபோய்த் தள்ளிவிட்டீங்க” என்றாள்.

“ஆமாடி, தள்ளிவிட்டேன். என் தம்பி மேல எனக்குப் பாசம் இல்லன்னு சொல்றியா?”

“பாசம் இருக்கும் அண்ணி. ஆனா உங்களுக்கு யாராவது ஒருத்தர் மிஞ்சுவாங்க. எனக்கு அவரு ஒருத்தர்தான்.”

வாயாடி என்று பெயர் எடுத்த எனக்கு அன்றைக்குப் பேச்சு வரவில்லை என்றால், அவள் சொன்னது அவ்வளவு சரி. கையில் இருந்த போர்வையின் மறுமுனையை அவளிடம் நீட்டினேன். பிடித்துக்கொண்டாள். இரண்டு பேருமாகப் பிழிந்தோம்.

அன்று மாலை அவளே என் வீட்டுக்கு வந்தாள். அடுப்படியில் நின்றுகொண்டு, “இன்னிக்கு எரியாம இருந்தா நல்லாருக்கும்” என்றாள்.

நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அணைந்தால் படகு வரும். ஒரே ஒரு ராத்திரி அணைந்தால் போதும். விளக்குக்காரர்களின் பெண்டாட்டிகள் இரண்டு பேர், விளக்கு எரியக் கூடாது என்று கையைப் பிசைந்துகொண்டு மேட்டு விளிம்பில் நின்றோம். கடவுளே, இன்னிக்கு மட்டும் வேண்டாம். சூரியன் கடலைத் தொட்டது. விளக்கு எரிந்தது. அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். “யாரா இருந்தாலும் சரி, அறிவு வேணாமா அண்ணி? அணைச்சுத் தொலைக்க வேண்டியதுதானே?” என்று கத்தினாள்.

அப்புறம் விளக்கின் நடை மாறத் தொடங்கியது. ஒவ்வொரு கலங்கரை விளக்குக்கும் ஒரு நடை உண்டு. எங்களுடையது ஒரு வீச்சு, கொஞ்சம் இருட்டு, உடனே இன்னொரு வீச்சு, பிறகு நீளமான இருட்டு. கண்ணை மூடிக்கொண்டு படுத்தாலும் ஜன்னலில் அது வருகிற நேரம் உடம்புக்குத் தெரியும். அந்த நடை தளர்ந்தது. வீச்சு வர வேண்டிய நேரத்துக்கு வரவில்லை. சங்கிலியை யாரோ தூக்க முடியாமல் தூக்குகிறார்கள். அதை அலுவலகத்தில் சொன்னபோது ஆகட்டும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, எரியுதேம்மா என்றார். நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது. வாசலில் நின்ற காவலாளிக்கே முகம் சிவந்துவிட்டது.

கடைசியில் படகைக் கிளப்பியது எங்கள் கண்ணீர் அல்ல, ஒரு கப்பல்காரனின் புகார். முந்தின ராத்திரி நாங்கள் அசதியில் கண்ணயர்ந்த பிறகு விளக்கு சுழலவே இல்லையாம். ஒரே திசையில் அசையாமல் நின்று எரிந்ததாம். அதைத் துறைமுக வாசல் விளக்கு என்று நினைத்துக் கப்பலைத் திருப்பி, மயிரிழையில் பாறையிலிருந்து தப்பியிருக்கிறான். விடிந்ததும் துறைமுகத்திலிருந்து ஆகட்டுமுக்கு விழுந்த திட்டில் அவர் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். சாவி படகுக்காரர் கைக்குப் போனது. “லேடீஸ் வேணாம்மா” என்று ஆரம்பித்தார். நாங்கள் அதற்குள் ஏறி உட்கார்ந்திருந்தோம். பாறையில் தங்கி விளக்கைப் பார்த்துக்கொள்ள மாற்று ஆட்கள் இரண்டு பேரும் ஏறினார்கள்.

வழியெல்லாம் நானும் அவளும் ஒரே பலகையில் உட்கார்ந்திருந்தோம். அவள் கை என் கையைத் தேடி வந்து பிடித்துக்கொண்டது. ஜில்லென்று இருந்தது. என் கையும் அப்படித்தான் இருந்திருக்கும். இரண்டு பேரும் ஒரே விஷயத்தை எதிரெதிராக வேண்டிக்கொண்டு கைகோத்திருந்தோம். அவளுக்காகவும் வேண்டினேன் என்று சொன்னால் அது பொய். என் தம்பிக்காக வேண்டினேன். ஆனால் அவருக்காக வேண்டியதற்கு அப்புறம்.

கிட்டப் போகப் போகக் கோபுரம் வளர்ந்துகொண்டே போனது. கரையிலிருந்து விரலாகத் தெரிந்தது இப்போது வானத்தில் பாதியை மறைத்தது. கீழ்ப் பாதி முழுக்கப் பாசி பிடித்துக் கறுத்திருந்தது. புயல் கொடிக்கம்பத்தை மட்டும் கொண்டுபோகவில்லை. இறங்குதளத்துக் கைப்பிடிக் கம்பிகளையும், வாசலுக்கு ஏறுகிற ஏணியில் பாதியையும், அடியில் இருந்த சேமிப்பறையையும் வழித்துக்கொண்டு போயிருந்தது. கல் மட்டும் அப்படியே இருந்தது. ஒரு கீறல் இல்லை. எனக்கு அதைப் பார்க்க ஆத்திரமாக வந்தது.

படகுக்காரர் சங்கு ஊதினார். கல்லில் மோதித் திரும்பி வந்ததைத் தவிர வேறு சத்தம் இல்லை. மறுபடி ஊதினார். ஆள் உயரத்துக்கு மேலே இருந்த வெண்கலக் கதவு ஒருக்களித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. கீல் பெயர்ந்திருந்தது. மூன்றாவது தடவை ஊதப் போனபோது கதவுக்குப் பின்னால் ஏதோ அசைந்தது.

ஓர் ஆள் வெளியே வந்து வாசலில் சாய்ந்து நின்றார். முகம் முழுக்கத் தாடி. தோள் ஒடுங்கியிருந்தது. போட்டிருந்தது தலைமை விளக்குக்காரருக்குக் கொடுக்கிற நீலக் கோட்டு.

அந்தக் கோட்டைத் தைத்துச் சரிசெய்தவள் நான். எனக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. என்ன கோலம் இது, ஆளைப் பாரு என்று சொல்ல வாயெடுத்தேன். பக்கத்தில் அவள் கை என் கையிலிருந்து நழுவுவது தெரிந்தது. அதைப் பிடித்து நிறுத்தக்கூட எனக்குத் தோன்றவில்லை. எழுந்து நின்று இரண்டு கையையும் ஆட்டினேன்.

மேலே இருந்தவர் கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு படகைப் பார்த்தார்.

“அக்கா!”

அவ்வளவுதான். அந்த ஒரு கூப்பாடு போதுமாக இருந்தது. பிறந்ததிலிருந்து என்னை அப்படிக் கூப்பிட்டவன் உலகத்தில் ஒருத்தன்தான். என் தம்பி உயிரோடு இருந்தான். ஆட்டிய கையை இறக்க மறந்து நான் அப்படியே நின்றேன்.

அவள் வீரிட்டாள். சந்தோஷத்தில்தான். உடனே இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் நான்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவள் இடத்தில் நானாக இருந்தால் வாயைப் பொத்தியிருக்கக்கூட மாட்டேன்.

கயிற்றில் ஒவ்வொருவராக மேலே ஏற்றினார்கள். அவன் வாசல் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டான். பெண்டாட்டி அவன் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவன் அவள் தலையில் கையை வைத்தபடி என்னிடம்தான் பேசினான். நிறுத்தாமல், யாரோ துரத்துகிற மாதிரி பேசினான்.

“புயல் ராத்திரி கதவு பிச்சுக்கிச்சு அக்கா. மாமா மூட இறங்கினாரு. அலை கதவோட சேத்து அடிச்சு, கதவு தொடைய நசுக்கிடுச்சு. ஏரியல் போச்சு, ஆபத்துன்னா விடுற வெடியெல்லாம் கீழ் ரூமோட போச்சு. விளக்கு ஒண்ணுதான் மிச்சம். நான் சொன்னேன், மாமா, ஒரு ராத்திரி அணைச்சுடறேன், காலையில படகு வந்துடும்னு. கோபத்துல எந்திரிக்கப் பாத்தாரு. நம்ம ரெண்டு பேருக்காக எவனாவது கப்பல்ல சாகணுமாடான்னாரு. என் கையப் பிடிச்சு சத்தியம் வாங்கிட்டாரு.”

ஆகட்டும் தொண்டையைக் கனைத்தார். நான் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

“சூரியன் இறங்க ஆரம்பிச்சா போதும், படுத்த இடத்துலேர்ந்தே ஏத்துடா, ஏத்துடான்னு கத்துவாரு. கடல் அசையாம கிடந்துச்சே ஒரு நாள், அன்னிக்கும் கத்தினாரு. நான் ஓடிப்போய் ஏத்திட்டு இறங்கி வர்றதுக்குள்ள போயிட்டாரு அக்கா. அதுக்கப்புறமும் அந்த நேரம் வந்தா எனக்கு அவர் கத்துறது கேக்கும். கேட்டதும் ஏத்திடுவேன்.”

கடல் அசையாமல் கிடந்த நாள். காலையில் நான் அலுவலகத்தில் நின்ற நாள். மாலையில் தொலைநோக்கியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு என் கணவர் இருக்கிறார் என்று சந்தோஷப்பட்ட நாள். அப்போது அவர் இருந்தார். அந்த விளக்கு எரிந்து முடிப்பதற்குள் இல்லை.

என் தம்பி கோட்டுக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். கண் ரத்தமாகச் சிவந்திருந்தது, எத்தனையோ நாளாகத் தூங்காத கண்.

“நான் அணைச்சிருந்தா வந்திருப்பீங்கல்ல அக்கா? சொல்லு. சத்தியத்த மீறி அணைச்சிருந்தா மாமா பொழைச்சிருப்பாருல்ல?”

அவன் பெண்டாட்டி அழுகையை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தாள். அவளுக்கும் தெரியும். ஆகட்டுமுக்கும் தெரியும். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்க்கையில் நான் யாருக்காகவும் மழுப்பிப் பேசியவள் இல்லை. மனத்தில் பட்டதைப் பட்டென்று போட்டு உடைப்பவள் என்பதுதான் என்னைப் பற்றி ஊரில் பேச்சு.

“இல்லடா” என்றேன். “எப்படி வர முடியும்? இந்தப் பக்கம் மூணு ஆள் உயரத்துக்கு அலை. படகை இறக்கவே முடியல. வேணும்னா இவரக் கேளு.”

படகுக்காரர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு அவன் பக்கம் குனிந்து, “ஆமா தம்பி. நாங்களும் தினம் பாத்தோம். கடல் விடவே இல்ல” என்றார்.

ஆகட்டும் நீளமாக மூச்சு விட்டார். என் பொய் அவருக்கும் சேர்த்துக் குடை பிடித்துவிட்டது. அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. ஆனால் அவரை நனைக்க வேண்டும் என்றால் இவனையும் நனைக்க வேண்டியிருந்தது.

தம்பி என்னையும் படகுக்காரரையும் மாறி மாறிப் பார்த்தான். நம்பினானா என்று எனக்குத் தெரியாது. மெல்லத் தலையை ஆட்டிவிட்டுக் கதவோரக் கல்லில் சாய்ந்தான். கண் தானாக மூடிக்கொண்டது. அவள் அவன் தலையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

அவன் தூங்குகிறவரைக்கும் பக்கத்திலேயே இருந்தேன். அப்புறம்தான் என் கணவரைப் பார்க்க உள்ளே போனேன்.